நாடகத்தையும் திரைப்படத்தையும் ஒப்பிடுவது எப்படி: 'மாக்பெத்'தும் குரோசாவாவின் படமும்

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்களிடம் ஒரு செவ்வியல் நாடகத்தையும் அதன் திரைத்தழுவலையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால், பெரும்பாலான கட்டுரைகள் ஒரு பட்டியலாகவே வந்து சேர்கின்றன. ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தையும், அதைத் தழுவி அகிரா குரோசாவா 1957-இல் வெளியிட்ட ஜப்பானியப் படத்தையும் எடுத்துக்கொண்டால், நாடகத்தில் மூன்று சூனியக்காரிகள் வருகிறார்கள், படத்தில் ஒரே ஓர் ஆவி வருகிறது. நாடகம் ஸ்காட்லாந்தில் நடக்கிறது, படம் ஜப்பானில் நடக்கிறது. நாடகத்தில் மாக்பெத்தை மாக்டஃப் கொல்கிறான், படத்தில் நாயகனை அவனுடைய வீரர்களே கொல்கிறார்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். இவை எல்லாம் சரியான கவனிப்புகள்தாம். ஆனால் இவற்றை எத்தனை அடுக்கினாலும் இரண்டு படைப்புகளும் வேறு வேறு என்ற செய்தி மட்டுமே கிடைக்கிறது; அது படத்தைப் பார்க்கத் தொடங்கும் முன்பே நமக்குத் தெரிந்த செய்தி.

ஒப்பீடு தொடங்குவது அடுத்த படியில். நாடகத்தில் ஒரு காட்சியோ, ஒரு பாத்திரமோ, ஒரு பேச்சோ என்ன வேலையைச் செய்தது என்று முதலில் கேட்க வேண்டும். அந்த வேலையைப் படத்தில் எது செய்கிறது என்று பிறகு கேட்க வேண்டும். வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியபோது பொருளில் என்ன நேர்ந்தது என்பது மூன்றாவது கேள்வி. கட்டுரையின் மதிப்பு முழுவதும் இந்த மூன்றாவது கேள்விக்கு நாம் தரும் விடையில்தான் இருக்கிறது. முதலிரண்டையும் கவனமாகச் செய்யாதவருக்கு அந்த விடை கிடைப்பதில்லை என்பதால், மூன்றையும் ஒரே இணையை வைத்துப் பொறுமையாகப் பார்ப்போம்.

இந்த இணையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஷேக்ஸ்பியரின் வசனங்களை அப்படியே பேசவைக்கும் ஆங்கிலப் படங்களை எடுத்துக்கொண்டால், எந்த வரி வெட்டப்பட்டது, எந்த வரி எஞ்சியது என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஆசை மாணவருக்கு எளிதில் வந்துவிடும். குரோசாவாவின் படமோ ஷேக்ஸ்பியரின் கவிதையைப் பேசவே இல்லை. கதை இருக்கிறது, கவிதை இல்லை. ஆகவே சொற்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு தப்பிக்க இங்கே வழியில்லை. சொற்கள் செய்த வேலையை வேறு எவை செய்கின்றன என்று தேடித்தான் ஆகவேண்டும்.

படத்தின் ஜப்பானியப் பெயர் 'குமோனோசு-ஜோ', அதாவது சிலந்திவலைக் கோட்டை. ஆங்கிலம் வழியே உலகம் அதை 'த்ரோன் ஆஃப் பிளட்' என்று அறியும். ஜப்பானில் குறுநில மன்னர்கள் ஒருவரையொருவர் வீழ்த்திக்கொண்டிருந்த போர்க்காலத்தில் கதை நடக்கிறது. மாக்பெத்தின் இடத்தில் வாஷிசு என்னும் தளபதி; நடித்தவர் தொஷிரோ மிஃபுனே. லேடி மாக்பெத்தின் இடத்தில் அசாஜி. நடித்தவர் இசுசு யமாதா. பாங்கோவின் இடத்தில் மிகி, டங்கன் மன்னனின் இடத்தில் சுசுகி. காட்டில் வழி தவறிய இரண்டு தளபதிகள் ஓர் ஆவியைச் சந்திக்கிறார்கள். வாஷிசு கோட்டைக்கு அதிபதியாவான் என்றும், பின்னர் மிகியின் மகன் அந்த இடத்துக்கு வருவான் என்றும் ஆவி சொல்கிறது. மனைவியின் தூண்டுதலால் வாஷிசு தன் தலைவனைக் கொல்கிறான், பிறகு நண்பனைக் கொல்விக்கிறான், இறுதியில் தானும் அழிகிறான். கதையின் எலும்புக்கூடு ஷேக்ஸ்பியருடையதே.

மேடைக்குத் தெரிந்த வழி, கேமராவுக்குத் தெரிந்த வழி

நாடகத்தை வாசிக்கும்போது, அது எந்த மேடைக்காக எழுதப்பட்டதோ அந்த மேடையை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. 'மாக்பெத்' ஏறத்தாழ 1606-இல் எழுதப்பட்டது. அச்சில் முதன்முதலாக வந்தது 1623-இல் வெளியான தொகுப்பில். 1611-இல் லண்டனின் குளோப் அரங்கில் அதைப் பார்த்த ஒருவரின் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. குளோப் அரங்கின் நடுப்பகுதிக்குக் கூரை இல்லை. நாடகங்கள் பிற்பகல் வெளிச்சத்தில் நடந்தன. ஆனால் 'மாக்பெத்'தின் முக்கியமான நிகழ்ச்சிகள் பலவும் இரவில் நடப்பவை. வெயிலில் நின்றுகொண்டிருக்கும் பார்வையாளருக்கு நள்ளிரவை எப்படிக் காட்டுவது?

இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். பாங்கோ தன் மகனிடம் இரவு எவ்வளவு கடந்திருக்கிறது என்று கேட்கிறான். நிலவு சாய்ந்துவிட்டது, மணியடித்த ஓசை கேட்கவில்லை என்று மகன் சொல்கிறான். சிறுவன் கையில் ஒரு பந்தம் இருக்கிறது. இரண்டு வரிப் பேச்சும் ஒரு பந்தமும் சேர்ந்து பட்டப்பகலில் நள்ளிரவை நிறுவிவிடுகின்றன. இந்த வரிகளைப் படத்தில் தேடினால் கிடைக்காது. கிடைக்க வேண்டிய தேவையும் இல்லை. கருப்பு வெள்ளைப் படத்தில் ஒளிப்பதிவாளர் இருளை நேரடியாகவே காட்டிவிடுகிறார். எனவே 'இந்த வசனம் நீக்கப்பட்டது' என்று எழுதுவதைவிட, 'இரவை நிறுவும் பொறுப்பு வசனத்திடமிருந்து ஒளிக்குப் போனது' என்று எழுதுவதே பயனுள்ளது. சிறிய வேறுபாடுதான், ஆனால் ஒப்பீட்டின் முறை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

இன்னொரு பெரிய வேறுபாட்டையும் நினைவில் கொள்ள வேண்டும். மேடையில் அனைத்தும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கின்றன. யாரைப் பார்ப்பது என்பதைப் பார்வையாளர் ஓரளவு தாமே முடிவு செய்கிறார். திரையில் அந்த முடிவைக் கேமரா எடுத்துவிடுகிறது. ஒரு முகத்தை எவ்வளவு நெருக்கத்தில், எவ்வளவு நேரம், எந்தக் கோணத்தில் காட்டுவது என்பதெல்லாம் இயக்குநரின் கூற்றுகள். வசனத்தைப் போலவே அவற்றையும் வாசிக்க வேண்டும். குரோசாவா இந்தப் படத்தில் அண்மைக் காட்சிகளைப் பெரும்பாலும் தவிர்த்து, முழு உருவமும் தெரியும்படி தள்ளி நின்று படமாக்கினார். திரைப்படத்துக்கு மிக எளிதான கருவி ஒன்றைத் தாமாகவே குறைத்துக்கொண்ட இயக்குநர் எதற்காக அப்படிச் செய்தார் என்று கேட்கும் மாணவர், படத்தின் உள்ளே நுழைந்துவிட்டார் என்று சொல்லலாம்.

தனிமொழி போன இடம்

'மாக்பெத்' நாடகத்தின் உயிர் அதன் தனிமொழிகளில் இருக்கிறது. மேடையில் தனித்து நிற்கும் பாத்திரம் தன் மனத்துக்குள் ஓடுவதை நம்மிடம் நேரடியாகப் பேசுவதே தனிமொழி. கொலைக்கு முன் முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியில் மாக்பெத் தயங்குகிறான்: டங்கன் என் உறவினன், என் மன்னன், என் விருந்தினன், மேலும் சாந்தமாக ஆட்சி செய்தவன் என்று தன் செயலுக்கு எதிரான காரணங்களைத் தானே அடுக்குகிறான். அடுத்து காற்றில் ஒரு கத்தியைக் காண்கிறான். ஐந்தாம் அங்கத்தில் மனைவி இறந்த செய்தி வந்தபோது, நாளையும் நாளையும் நாளையும் என்று ஊர்ந்து செல்லும் காலத்தைப் பற்றி, பொருளற்றுப்போன வாழ்வைப் பற்றி அவன் பேசும் வரிகள் உலக இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்று. இந்தத் தனிமொழிகளால்தான் ஒரு கொலைகாரனிடம் நமக்கு நெருக்கம் உண்டாகிறது. அவன் செய்வதை வெறுத்துக்கொண்டே, அவன் நினைப்பதை நாமும் நினைக்கிறோம்.

வாஷிசுவுக்குத் தனிமொழி ஒன்றுகூட இல்லை. தன் மனத்தை அவன் யாரிடமும் திறந்து காட்டுவதில்லை. திறந்து காட்டும் அளவுக்கு அவனுக்கே தன் மனம் தெரியுமா என்ற ஐயம் நமக்கு எழுகிறது. அப்படியானால் மனத்தைக் காட்டும் வேலையை எது செய்கிறது? இங்கேதான் நோ நாடகம் வருகிறது. முகமூடி, பாட்டு, மிக மெதுவான அசைவு ஆகியவற்றால் அமைந்த ஜப்பானின் பழமையான மேடைக்கலை அது. தங்கள் பாத்திரங்களுக்கு ஏற்ற நோ முகமூடிகளை மனத்தில் வைத்து நடிக்குமாறு குரோசாவா நடிகர்களிடம் சொன்னார். மிஃபுனேவுக்கு ஒரு போர்வீரனின் முகமூடி, யமாதாவுக்கு ஒரு பெண்ணின் முகமூடி. படம் பார்க்கும்போது இதைத் தெளிவாக உணரலாம். மிஃபுனேயின் முகம் அகன்ற கண்களோடும் விறைத்த வாயோடும் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவுகிறது. யமாதாவின் வெண்மையான முகமோ அசைவதே இல்லை. அந்த அசைவின்மையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

காடும் மூடுபனியும் இந்த வேலையில் பங்கெடுக்கின்றன. ஆவியைச் சந்தித்த பிறகு வாஷிசுவும் மிகியும் குதிரைகளில் பனிக்குள் புகுந்து மறைந்து, மீண்டும் வெளிப்பட்டு, திரும்பவும் மறைகிறார்கள். இது பொறுமையைச் சோதிக்கும் அளவுக்குப் பலமுறை நிகழ்கிறது. முதன்முறை பார்ப்பவர் இதை வேண்டாத நீளம் என்று நினைக்கக்கூடும். இந்தக் காட்சிக்கு முன்பும் பின்பும் வாஷிசு தன் குழப்பத்தைப் பற்றிப் பெரிதாக எதுவும் பேசுவதில்லை என்பதைக் கவனித்தால், அவன் பேசாததைப் பனி பேசிவிடுகிறது என்று புரியும். சொல்லால் ஆன தயக்கத்துக்குப் பதிலாக, உடலாலும் நிலத்தாலும் ஆன தயக்கம்.

ஆனால் இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் அங்கத்துத் தனிமொழிக்கு நிகரான எதுவும் படத்தில் இல்லை. தன் குழந்தை இறந்தே பிறந்தது என்ற செய்திக்குப் பின் வாஷிசு தனியே அமர்ந்து 'முட்டாள்' என்று அலறுகிறான். அந்த அலறல் வலிமையானது. ஆனால் தன் அழிவைத் தானே முழுமையாகப் புரிந்துகொண்ட மனிதனின் குரல் அது ஆகாது. மாக்பெத் தெரிந்தே நரகத்துக்குள் நடக்கிறான். வாஷிசு தெரியாமல் சிக்கிக்கொள்கிறான். இதைக் குறை என்று எழுதுவதா, வேறொரு நோக்கு என்று எழுதுவதா என்பது மாணவரின் முடிவு. என் முடிவைச் சொன்னால், இழப்பு உண்மையானது, குரோசாவா அதை அறிந்தே ஏற்றுக்கொண்டார். தனி மனிதனின் அகத்தைவிட, மனிதர்கள் எல்லாரும் ஒரே வலையில் மீண்டும் மீண்டும் விழுவதைக் காட்டுவதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

ஒரே காட்சியை ஆழமாகப் பார்த்தல்

தொடக்கநிலை மாணவருக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள ஆலோசனை, முழு நாடகத்தையும் முழுப் படத்தையும் ஒப்பிட முயலாமல் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிலைப்பது. கொலை நடக்கும் இரவை எடுத்துக்கொள்வோம்.

நாடகத்தில் டங்கனின் கொலை நம் கண்முன் நடப்பதில்லை. இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சி முடிவில் மாக்பெத் உள்ளே போகிறான். இரண்டாம் காட்சி லேடி மாக்பெத்தோடு தொடங்குகிறது. அவள் தனியே பேசுகிறாள். ஆந்தை அலறுவதைக் கேட்கிறாள். தூங்கும் மன்னன் தன் தந்தையின் சாயலில் இல்லாதிருந்தால் தானே கொன்றிருப்பேன் என்கிறாள். இரும்பைப் போல் தோன்றிய அந்தப் பெண்ணிடம் உள்ள முதல் விரிசலை இந்த ஒரே வரி காட்டிவிடுகிறது. பிறகு மாக்பெத் கத்திகளைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறான். அவள் அவற்றைப் பறித்துக்கொண்டு போய், உறங்கும் காவலர்கள்மீது குருதியைப் பூசிவிட்டு வருகிறாள்.

படத்திலும் கொலை காட்டப்படுவதில்லை. இதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுபவர்கள் பலர். மேடைக்குக் கொலையை மறைக்க நடைமுறைக் காரணங்கள் இருந்திருக்கலாம். திரைப்படத்துக்கு அப்படி எதுவும் இல்லை. 1971-இல் ரோமன் போலன்ஸ்கி எடுத்த 'மாக்பெத்' படத்தில் டங்கன் விழித்துக்கொள்வதையும் மாக்பெத் அவனைக் குத்துவதையும் நாம் பார்க்கிறோம். காட்ட முடிந்தும் காட்டாமல் இருப்பது ஒரு தேர்வு. தேர்வு என்றால் அதற்குப் பொருள் உண்டு.

குரோசாவா காட்டுவது ஓர் அறையை. தலைவன் சுசுகி தங்க வந்திருப்பதால் வாஷிசுவும் அசாஜியும் தங்கள் அறையை அவனுக்கு விட்டுவிட்டு, முன்பு ஒரு துரோகி தன்னை மாய்த்துக்கொண்ட அறைக்கு வந்திருக்கிறார்கள். அவனுடைய குருதிக்கறை எவ்வளவு கழுவியும் போகாமல் அங்கே படிந்திருக்கிறது. காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்த மதுவைக் கொண்டுவர அசாஜி இருண்ட வாசலுக்குள் நடந்து மறைகிறாள். மதுச்சாடியோடு அதே இருளிலிருந்து வெளிப்படுகிறாள். அப்போது நமக்குக் கேட்பது அவளுடைய பட்டாடை தரையில் உரசும் ஓசை. பிறகு அவள் ஈட்டியைக் கணவனின் கையில் வைக்கிறாள். அவன் போகிறான். அவள் அறையில் தனியே இருக்கிறாள், பேசுவதில்லை. நோ இசை ஒலிக்க, அந்தக் கறையை நோக்கி அவள் திரும்புகிறாள், எழுகிறாள், அதுவரை சிலையாக இருந்த உடல் திடீரென்று வேகம் கொள்கிறது. வாஷிசு திரும்பி வரும்போது அவனுடைய விரல்கள் ஈட்டியிலிருந்து பிரிய மறுக்கின்றன. அவள் அதைப் பிடுங்கிக்கொண்டுபோய் உறங்கும் காவலனின் கையில் வைத்துவிட்டு வருகிறாள்.

இரண்டையும் இப்போது அருகருகே வைத்துப் பார்க்கலாம். லேடி மாக்பெத்தின் விரிசலைத் தந்தையைப் பற்றிய ஒரு வரி காட்டியது. அசாஜியின் விரிசலை அந்தத் திடீர் அசைவு காட்டுகிறது. ஆந்தையின் அலறல் செய்த வேலையைப் பட்டின் உரசல் செய்கிறது; ஆனால் ஆந்தை வெளியே இருப்பது, இயற்கையின் எச்சரிக்கை, பட்டின் ஓசையோ அவளிடமிருந்தே எழுகிறது. அச்சத்தின் ஊற்று வெளியிலிருந்து அவளுக்குள் இடம்பெயர்ந்துவிட்டது. சுவரிலும் தரையிலும் உள்ள பழைய கறைக்கு நாடகத்தில் நேரான இணையே இல்லை. நடக்கப்போகும் துரோகம் முதலாவது துரோகம் ஆகாது, இதே கோட்டையில் முன்பே நடந்தது, இன்னும் நடக்கும் என்று அந்தக் கறை சொல்கிறது. ஒரு காட்சியை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்தவருக்குக் கட்டுரையின் மையக் கருத்து தானாகவே கிடைத்துவிடும்.

குழந்தை, மன்னன், வீரர்கள்

மாற்றங்களில் சில வடிவத்தைச் சார்ந்தவை. சில கதையின் அறத்தையே மாற்றுபவை. இரண்டாவது வகைக்கு மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லலாம்.

லேடி மாக்பெத், குழந்தைக்குப் பாலூட்டிய அனுபவம் தனக்கு உண்டு என்று சொல்கிறாள். ஆனால் நாடகத்தில் அவர்களுக்குக் குழந்தை எதுவும் காணப்படவில்லை. தன் செங்கோல் வாரிசற்றது என்று மாக்பெத் புழுங்குகிறான். இந்த மௌனமான இடைவெளியைக் குரோசாவா நிரப்புகிறார். தங்களுக்குக் குழந்தை இல்லாததால் மிகியின் மகனையே வாரிசாக்கிவிடலாம் என்று வாஷிசு எண்ணும் நேரத்தில், தான் கருவுற்றிருப்பதாக அசாஜி சொல்கிறாள். நண்பனைக் கொல்லும் முடிவு அந்த ஒரு செய்தியிலிருந்து பிறக்கிறது. நாடகத்தில் பாங்கோவின் கொலையை மாக்பெத் மனைவியிடமிருந்தும் மறைத்துத் தானே திட்டமிடுகிறான். அவர்களுக்கிடையே பிரிவு அங்கிருந்து வளர்கிறது. படத்தில் அந்தக் கொலைக்கும் அசாஜியே காரணமாகிறாள். அந்தக் குழந்தை இறந்து பிறக்கும்போது, எதற்காக நண்பனைக் கொன்றானோ அந்தக் காரணமே இல்லாமல் போகிறது. வெற்றுக் கிண்ணத்தில் கைகளைக் கழுவிக்கொண்டே இருக்கும் அசாஜியின் இறுதிக் காட்சி, லேடி மாக்பெத் தூக்கத்தில் நடந்தபடி கைகளைக் கழுவுவதுபோல் தேய்க்கும் ஐந்தாம் அங்கத்துக் காட்சியின் இடத்தில் வருகிறது. நாடகத்தில் அதைக் காண்பவர்கள் ஒரு மருத்துவரும் பணிப்பெண்ணும். படத்தில் கணவனே காண்கிறான்.

மன்னனுடைய மாற்றம் இதைவிட ஆழமானது. டங்கன் நல்லவன், அவனைக் கொல்வது உலகின் ஒழுங்கைக் குலைக்கும் செயல், அதனால்தான் குதிரைகள் ஒன்றையொன்று தின்றன, பகல் இருண்டது என்றெல்லாம் நாடகம் பேசுகிறது. ஷேக்ஸ்பியர் பயன்படுத்திய ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் டங்கன் வலுவற்ற மன்னன், பாங்கோ கொலைக்கு உடந்தை. ஷேக்ஸ்பியர் டங்கனை உயர்த்தினார், பாங்கோவைக் குற்றமற்றவனாக்கினார். 1603-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ் தம்மைப் பாங்கோவின் வழித்தோன்றல் என்று கருதியவர். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழு அதே ஆண்டில் அவருடைய ஆதரவைப் பெற்றது. 1605 நவம்பரில் மன்னரையும் நாடாளுமன்றத்தையும் வெடிமருந்தால் தகர்க்கும் சதி பிடிபட்டது. மன்னனைக் கொல்வது பற்றிய நாடகம் அந்தச் சூழலில் எப்படிக் கேட்கப்பட்டிருக்கும் என்பதை இந்த விவரங்கள் விளக்குகின்றன.

படத்தில் சுசுகியும் தனக்கு முந்தைய தலைவனைக் கொன்றே அந்த இடத்துக்கு வந்தவன். இதை அசாஜி கணவனுக்கு நினைவூட்டுகிறாள். அப்படியானால் குலைவதற்கு ஒழுங்கு எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள்கூட நிறையாத ஜப்பானில் இந்தப் படம் வெளிவந்தது என்பதைக் கருத்தில் கொள்ளலாம். ஆயினும், 'போரின் தாக்கத்தால் இப்படி எடுத்தார்' என்று ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிட வேண்டாம். வரலாறு காரணத்தை முழுமையாகத் தருவதில்லை. படத்துக்குள் இருக்கும் சான்றோடு சேர்த்து வாசிக்கும்போதே அது பயன்படும்.

வீரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கண்டுகொள்ளல் அது. நாடகத்தில் நாட்டின் நிலையைப் பற்றிக் கவலையோடு பேசுபவர்களில் ராஸ் என்னும் பிரபுவும் பெயரற்ற முதியவர் ஒருவரும் உண்டு. படத்தில் அந்த வேலையைக் கோட்டையின் சாதாரணக் காவல் வீரர்கள் செய்கிறார்கள். எலிகள் கோட்டையைவிட்டு ஓடுவதைப் பற்றி அவர்கள் முணுமுணுக்கிறார்கள். காடு நகர்ந்து வந்தால் ஒழியத் தோல்வி இல்லை என்று ஆவி தனக்குச் சொன்னதை, ஊக்கமூட்டுவதாக எண்ணி, வாஷிசு இந்த வீரர்களிடமே பெருமையாக அறிவிக்கிறான். காடு நகரும்போது, அந்தச் சொல்லை நம்பியிருந்தவர்கள் அவன்மீதே அம்பு எய்கிறார்கள். உண்மையான வில்லாளிகள் உண்மையான அம்புகளை எய்து படமாக்கிய அந்த இறுதிக் காட்சியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எய்தவர்கள் யார் என்பதைக் கட்டுரைகள் போதிய அளவு பேசுவதில்லை. நாடகத்தில் மாக்டஃப் என்ற பழிவாங்குபவன், குடும்பத்தை இழந்தவன், நியாயத்தின் கையாக வருகிறான். படத்தில் மாக்டஃபும் இல்லை, பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் மாக்பெத்துக்குத் தீங்கு நேராது என்ற தீர்க்கதரிசனமும் இல்லை. தண்டனை நியாயத்திடமிருந்து வருவதில்லை, அச்சத்திடமிருந்து வருகிறது.

எழுதும் முறை

நாடகத்தைப் படம் பார்ப்பதற்கு முன் வாசித்துவிடுங்கள். படத்தை முதலில் பார்த்துவிட்டால், நடிகர்களின் முகங்கள் வாசிப்பை ஆக்கிரமித்துக்கொள்ளும். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் இதுவே மிகச் சிறியது. இரண்டாயிரம் வரிகளுக்குச் சற்று மேல், இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். படத்தை முதன்முறை குறிப்பெடுக்காமல் பாருங்கள். இரண்டாம் முறை நீங்கள் தேர்ந்தெடுத்த காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கேமரா எங்கே இருக்கிறது, யார் அசைகிறார்கள், என்ன ஓசை கேட்கிறது, எப்போது மௌனம் என்று எழுதுங்கள். கதைச் சுருக்கங்களை வாசித்துவிட்டு எழுதப்பட்ட கட்டுரையில் ஓசையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஆசிரியர்கள் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிறமொழிப் படம் என்பதால் ஓர் எச்சரிக்கை. அடியில் ஓடும் ஆங்கில வசனங்கள் மொழிபெயர்ப்பாளருடையவை. இந்தப் படத்துக்கே ஒன்றுக்கு மேற்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்புகள் உண்டு. அவற்றிலுள்ள ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குரோசாவாவின் சொல்லாட்சியை ஆராயக் கூடாது. பேச்சின் பொருளைச் சுட்டிவிட்டு, ஆய்வைக் காட்சியிலும் ஒலியிலும் நிறுத்துவது பாதுகாப்பானது. நாடகத்திலிருந்து மேற்கோள் தரும்போது அங்கம், காட்சி, வரி எண்களைத் தர வேண்டும்.

பத்தி அமைப்பில் ஒரு பழக்கத்தை மட்டும் வலியுறுத்துவேன். ஒரு பத்தி நாடகத்துக்கு, அடுத்த பத்தி படத்துக்கு என்று பிரித்து எழுதினால், ஒப்பிடும் பொறுப்பு வாசகர் தலையில் விழுகிறது. ஒரே பத்திக்குள் இரண்டும் சந்திக்க வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: 'கொலை இரவில் லேடி மாக்பெத் தன் தந்தையை நினைவுகூரும் ஒற்றை வரி, அவளுடைய உறுதிக்குள் மறைந்திருக்கும் அன்பை வெளிப்படுத்துகிறது. குரோசாவா இந்த வரியை நீக்கி, அதே இடத்தில் அசாஜியைக் குருதிக்கறை படிந்த அறையில் பேச்சின்றி வேகமாக அசையவைக்கிறார். உறுதி குலைவது இரண்டிலும் தெரிகிறது. ஆனால் நாடகத்தில் அதற்குக் காரணம் கடந்தகாலப் பாசம், படத்தில் காரணம் அதே அறையில் நடந்த பழைய துரோகம். எனவே அசாஜியின் அச்சம் அவளுடைய தனிப்பட்ட மனச்சாட்சியைக் காட்டிலும் அந்தக் கோட்டையின் வரலாற்றையே சார்ந்ததாகிறது.' முதல் வாக்கியம் வேலையைச் சொல்கிறது, இரண்டாவது மாற்றத்தைச் சொல்கிறது, எஞ்சியவை பொருளைச் சொல்கின்றன. 'மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா' என்ற கேள்வி இந்தப் பத்தியில் எங்கும் எழவில்லை என்பதையும் கவனியுங்கள். அந்தக் கேள்வி ஆம், இல்லை என்ற விடையோடு நின்றுவிடும், அதனால் ஒரு பத்தியைக்கூட வளர்க்க முடியாது.

முறை பழகிவிட்டால், மூன்று முடிவுகளை அருகருகே வைத்துப் பயிற்சி செய்யலாம். நாடகத்தின் முடிவில் டங்கனின் மகன் மால்கம் மன்னனாகிறான். முடிசூட்டு விழாவுக்கு அனைவரையும் ஸ்கோனுக்கு அழைக்கிறான். போலன்ஸ்கியின் படத்தில் மால்கம் முடிசூடிய பிறகு, அவனுடைய தம்பி டொனால்பெய்ன் சூனியக்காரிகளின் இருப்பிடத்தை நோக்கித் தனியே குதிரையில் வருகிறான். குரோசாவாவின் படத்தில் புதிய மன்னன் எவனும் நமக்குக் காட்டப்படுவதில்லை. தொடக்கத்தில் கேட்ட அதே கூட்டுப்பாடல் ஒலிக்க, கோட்டை நின்ற இடத்தில் பனியும் ஒரு நினைவுத்தூணும் மட்டும் இருக்கின்றன. மூன்றிலும் மாக்பெத் இறந்துவிட்டான். அவனுடைய இறப்பால் என்ன தீர்ந்தது என்ற கேள்விக்கு ஒவ்வொன்றும் தரும் விடையை, இறுதிக் காட்சிகளில் உள்ள சான்றுகளை மட்டும் கொண்டு, ஒரு பத்தியில் எழுதிப் பாருங்கள்.